நாட்டின் வருமானம் இரட்டிப்பானது. குழந்தைகளின் உடம்பில் அது ஏன் தெரியவில்லை?

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் வாக்கில் உலகப் பசிக் குறியீட்டுப் பட்டியல் வெளியாகும். கூடவே வழக்கமான சண்டையும் வரும். 2024 பட்டியலில் 127 நாடுகளில் இந்தியாவுக்கு 105-வது இடம். "80 கோடிப் பேருக்கு மாதாமாதம் அரிசியும் கோதுமையும் இலவசமாகக் கொடுக்கிற நாட்டில் ஏது பசி?" என்பது ஒரு கட்சி. "உலகின் ஐந்து பெரிய பொருளாதாரங்களில் ஒன்று என்று மார்தட்டுகிறீர்களே, இதுதானா லட்சணம்?" என்பது மறு கட்சி. நாலு நாள் சூடு பறக்கும். பிறகு அடுத்த அக்டோபர்.

இரு தரப்பும் சொல்லும் தகவல்களில் பெரிய பிழையில்லை. தானியம் போய்ச் சேருகிறது. வருமானம் உயர்ந்திருக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருப்பதும் உண்மை. இந்த மூன்றும் ஒரே நாட்டில் ஒரே காலத்தில் எப்படிச் சேர்ந்து இருக்க முடிகிறது என்பதைத்தான் விளங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எதை அளக்கிறார்கள்?

"ஊட்டச்சத்துக் குறைவு" என்று பொதுவாகச் சொல்கிறோம். கணக்கெடுப்பில் அது மூன்று தனித்தனி அளவுகள்.

1. வளர்ச்சிக் குன்றல்: வயதுக்கேற்ற உயரம் இல்லாதது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்படி இரண்டு வயது நிறைந்த பெண் குழந்தையின் நடுமதிப்பு உயரம் (படுக்கவைத்து அளந்தால்) 86.4 செ.மீ. ஒரு குழந்தையின் உயரம் 80 செ.மீ.க்குக் கீழே இருந்தால் வளர்ச்சி குன்றியதாகக் கணக்கு. நீண்ட நாள் பற்றாக்குறையின் தடயம் இது. ஒரு மாதம் நன்றாகச் சாப்பிட்டால் சரியாகிவிடாது.

2. உடல் மெலிவு: உயரத்துக்கேற்ற எடை இல்லாதது. அண்மையில் வந்த நோயையோ உணவுத் தட்டுப்பாட்டையோ காட்டும். கடுமையாக இருந்தால் உயிருக்கே ஆபத்து.

3. எடைக்குறைவு: வயதுக்கேற்ற எடை இல்லாதது. முதல் இரண்டும் கலந்த அளவு. குழந்தை குட்டையாக இருப்பதால் எடை குறைந்ததா, மெலிந்ததால் குறைந்ததா என்று இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

மூன்றுக்கும் பசி ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் வயிறு நிறைந்த குழந்தைகூட இந்த மூன்றில் ஒன்றில் விழலாம்.

பசிக் குறியீட்டின் குழப்பமும் இங்கேதான் தொடங்குகிறது. அதில் நான்கு கூறுகள்: மக்கள்தொகையில் போதிய கலோரி கிடைக்காதவர்களின் விகிதத்துக்கு மொத்த மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு, ஐந்து வயதுக்குட்பட்டோர் இறப்பு விகிதத்துக்கு மூன்றில் ஒரு பங்கு, வளர்ச்சிக் குன்றலுக்கும் உடல் மெலிவுக்கும் ஆறில் ஒரு பங்கு வீதம். அதாவது குறியீட்டின் மூன்றில் இரண்டு பங்கு குழந்தைகளின் உடல்நிலை. "பசி" என்று பெயர் வைத்தது தலைப்புச் செய்திக்கு உதவியிருக்கலாம், புரிதலுக்கு உதவவில்லை. இடவரிசையை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் எண்களைப் பார்ப்பதே மேல்.

அந்த எண்களிலும் ஒரு தகராறு உண்டு. 2023-ல் குறியீடு இந்தியாவின் உடல் மெலிவை 18.7 சதவீதம் என்றது. ஒன்றிய அரசு தன் 'போஷன் டிராக்கர்' செயலியின் பதிவுகளைக் காட்டி, 7.2 சதவீதம்தான் என்று மறுத்தது. வித்தியாசத்துக்குக் காரணம், இரண்டும் எண்ணுவது ஒரே கூட்டத்தை அல்ல. தேசிய குடும்பநல ஆய்வு போன்றவை வீடுகளை மாதிரியாகத் தேர்ந்தெடுத்து, பயிற்சி பெற்ற குழுவை அனுப்பி அளக்கின்றன. டிராக்கரில் ஏறுவது அங்கன்வாடியில் பதிவான குழந்தைகளை அங்கே இருக்கும் பணியாளர் அளந்த கணக்கு.

அந்த அளவெடுப்பு சுலபமான வேலையும் அல்ல. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையை அளவுப் பலகையில் படுக்கவைத்து, தலையை ஒருவர் பிடிக்க, முழங்காலை மடங்காமல் அழுத்தி, பாதத்தில் பலகையை நகர்த்தி ஒட்டவைக்க வேண்டும். குழந்தை அழும், உதறும். ஒரு செ.மீ. பிசகினாலும், வயதை ஒரு மாதம் மாற்றி எழுதினாலும், எல்லைக்கோட்டில் இருக்கும் குழந்தை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தாவிவிடும். ஒரே பணியாளர் சமையலையும் பதிவேட்டையும் வீட்டுச் சந்திப்பையும் பார்த்துக்கொண்டு இதையும் செய்கிறார். ஆகவே ஒரு குழந்தையை மாதாமாதம் தொடர்ந்து கவனிக்க டிராக்கர் பயன்படும். நாட்டின் நிலையைச் சொல்ல மாதிரி ஆய்வுதான் நம்பகமானது.

"நம் பிள்ளைகள் இயல்பிலேயே குட்டை, வெளிநாட்டு அளவுகோலை வைத்து அளந்தால் இப்படித்தான் வரும்" என்ற வாதமும் பழையது. பொருளியலாளர் அரவிந்த் பனகாரியா 2013-ல் இதை விரிவாக முன்வைத்தார். ஆனால் 2006-ல் வந்த அந்த அளவுகோல் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் நல்ல சூழலில் வளர்ந்த குழந்தைகளை அளந்து உருவானது. டெல்லிக் குழந்தைகளும் அதில் அடக்கம். இன்னொன்று: பதினைந்து ஆண்டுகளில் வளர்ச்சிக் குன்றல் 48 சதவீதத்திலிருந்து 35.5 சதவீதமாக இறங்கியிருக்கிறது. மரபணு அந்த வேகத்தில் மாறாது.

பதினைந்து ஆண்டுக் கணக்கு

2005-06-க்கும் 2019-21-க்கும் இடையே, விலைவாசி ஏற்றத்தைக் கழித்த பிறகும், நாட்டின் தலா வருமானம் ஏறத்தாழ இரட்டிப்பானது. அதே காலத்தில் குடும்பநல ஆய்வின் மூன்று சுற்றுகள் (2005-06, 2015-16, 2019-21) ஐந்து வயதுக்குட்பட்டோரைப் பற்றிச் சொல்வது:

1. வளர்ச்சிக் குன்றல்: 48.0, 38.4, 35.5 சதவீதம்.
2. உடல் மெலிவு: 19.8, 21.0, 19.3 சதவீதம்.
3. எடைக்குறைவு: 42.5, 35.8, 32.1 சதவீதம்.
4. இரத்தசோகை (6 முதல் 59 மாதம் வரை): 69.4, 58.6, 67.1 சதவீதம்.

உயரத்தில் முன்னேற்றம் இருக்கிறது, மறுக்க முடியாது. மெலிவு இருந்த இடத்திலேயே நிற்கிறது. இரத்தசோகை இறங்கிவிட்டு மறுபடி ஏறியிருக்கிறது. வருமான வளர்ச்சியே எல்லாவற்றையும் இழுத்துச் செல்லும் என்றால் இந்த நான்கும் ஒரே திசையில் போயிருக்க வேண்டும்.

மாநிலங்களை ஒப்பிட்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். தொழில் வளர்ச்சியிலும் தலா வருமானத்திலும் குஜராத் முன்வரிசை. அங்கே 2019-21-ல் வளர்ச்சிக் குன்றல் 39.0 சதவீதம், நாலைந்து ஆண்டுகளுக்கு முன் இருந்த 38.5-ஐ விடக் கொஞ்சம் கூடுதல். மெலிவு 25.1 சதவீதம். அதே ஆய்வில் தமிழ்நாட்டின் வளர்ச்சிக் குன்றல் 25.0, மெலிவு 14.6. இரண்டுமே வசதியான மாநிலங்கள். வருமானத்தை மட்டும் வைத்து இந்த இடைவெளியை விளக்க முடியாது. எல்லை தாண்டிப் பார்த்தால் வங்கதேசம்: 2004-ல் 51 சதவீதமாக இருந்த வளர்ச்சிக் குன்றல் 2022-ல் 24 சதவீதம். அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் அதன் தலா வருமானம் இந்தியாவை விடக் குறைவு.

தமிழ்நாட்டுக்காரர்கள் இதைப் படித்துக் காலரைத் தூக்கிவிட வேண்டாம். நான்கில் ஒரு குழந்தை வளர்ச்சி குன்றியிருப்பது பெருமைக்குரிய எண் அல்ல. குழந்தைகளின் இரத்தசோகை இங்கும் 50.7-லிருந்து 57.4 சதவீதமாக ஏறியிருக்கிறது. கேரளத்தில்கூட வளர்ச்சிக் குன்றல் 19.7-லிருந்து 23.4 ஆக உயர்ந்தது.

36 நாடுகளில் நடந்த 121 ஆய்வுகளைத் திரட்டி 2014-ல் வெளியான ஒரு ஆராய்ச்சியும் இதே படத்தைத்தான் தருகிறது: தலா வருமான வளர்ச்சிக்கும் குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைவு இறங்குவதற்கும் உள்ள தொடர்பு மிகச் சிறியது, சில அளவுகளில் இல்லவே இல்லை.

வளர்ச்சிப் பணம் குழந்தையிடம் போகும் வழி

வருமானம் குழந்தையின் உடம்பாக மாற இரண்டு வழிகள். ஒன்று, வீட்டுக்கு வரும் காசு உணவாக மாறுவது. மற்றொன்று, அரசுக்கு வரும் வரி சுத்தமான தண்ணீராக, கழிப்பறையாக, தடுப்பூசியாக, செவிலியராக மாறுவது. இரண்டிலும் கசிவு உண்டு.

முதல் வழியை எடுத்துக்கொள்வோம். 2022-23 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வில், கிராமத்துக் குடும்பங்கள் தானியத்துக்குச் செலவழித்தது மொத்தச் செலவில் ஏறத்தாழ 5 சதவீதம். முட்டை, மீன், இறைச்சிக்கும் ஏறத்தாழ அதே அளவு. பானங்கள், நொறுக்குத் தீனி, பாக்கெட் உணவு என்ற வகைக்கு 9.6 சதவீதம். தானியத்தில் மிச்சமான காசு பருப்புக்கும் முட்டைக்கும் போகும் என்று பொருளியல் பாடம் சொல்லலாம். கடையில் கையெட்டும் உயரத்தில் தொங்குவது ஐந்து ரூபாய் பாக்கெட். அழும் குழந்தையைச் சமாதானப்படுத்தவும் அதுதான் உடனே உதவுகிறது. பெற்றோரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கூலி வேலைக்குப் போய் மாலையில் திரும்பும் தாய்க்குக் காசை விட நேரமே பெரிய பற்றாக்குறை. கைக்குழந்தைக்கு ஒரு நாளில் நாலைந்து தடவை, தனியாகக் குழைத்து, பொறுமையாக ஊட்ட ஆள் வேண்டும்.

இரண்டாவது வழியில் நோய் முக்கியமான இடம் வகிக்கிறது. வயிற்றுப்போக்கு திரும்பத் திரும்ப வந்தால் தின்றது ஒட்டாது. அழுக்கு மண்ணிலும் தண்ணீரிலும் இருந்து கிருமிகள் தொடர்ந்து உள்ளே போனால், வெளியே நோய் தெரியாவிட்டாலும் குடல் சத்தை உறிஞ்சும் திறன் குறைகிறது. சோற்றுத் தட்டை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது கண்ணில் படுவதே இல்லை.

அதற்கும் முன்னால் தாயின் உடம்பு. 2019-21-ல் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை, 18.7 சதவீதம் பேர் உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள். கல்யாணமான புதிதில், வீட்டில் கடைசியாகச் சாப்பிடும் மருமகளாக இருக்கும்போதே கர்ப்பம் தரிக்கும் பெண்களிடையே நிலைமை இந்தச் சராசரியை விட மோசம். பிறக்கும்போதே எடை குறைந்த குழந்தை, ஓட்டத்தைப் பின்னால் இருந்துதான் தொடங்குகிறது.

முதல் ஆயிரம் நாட்கள்

கருவில் 270 நாள், பிறந்த பின் இரண்டு ஆண்டில் 730 நாள், ஆக ஆயிரம். வளர்ச்சிக் குன்றலில் பெரும்பகுதி இந்தக் காலத்துக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. அதிலும் ஆறாம் மாதத்துக்கு மேல், தாய்ப்பால் மட்டும் போதாது என்ற கட்டம் வரும்போதுதான் வளர்ச்சிக் கோடு தடுமாறத் தொடங்கும்.

பத்து மாதக் குழந்தை ஒன்றை எடுத்துக்கொள்வோம். தாய்ப்பால் தவிர நாளுக்குச் சுமார் 300 கலோரி திட உணவிலிருந்து வர வேண்டும். எட்டரைக் கிலோ எடையுள்ள அந்தக் குழந்தையின் வயிறு ஒரு தடவைக்குக் கொள்வது கிட்டத்தட்ட 250 மி.லி. தண்ணீராகக் கரைத்த அரிசிக் கஞ்சி கொடுத்தால், வயிறு முழுக்க நிறைந்தாலும் கிடைப்பது நூறு கலோரிக்குள்தான். புரதமும் இரும்பும் துத்தநாகமும் பேருக்குத்தான் இருக்கும். குழந்தை திருப்தியாகத் தூங்கும், வளராது. அதே அளவில் குழைந்த சோறு, பருப்பு, ஒரு கரண்டி எண்ணெய், கொஞ்சம் முட்டை என்று போனால் கணக்கே வேறு.

ஆறு முதல் 23 மாதம் வரையுள்ள இந்தியக் குழந்தைகளில் போதுமான அளவிலும் வகையிலும் உணவு பெறுவோர் 2015-16-ல் 9.6 சதவீதம், 2019-21-ல் 11 சதவீதம் சொச்சம். பத்தில் ஒன்பது குழந்தைகளுக்குக் கிடைக்கவில்லை. இது ஏழைகளின் கணக்கு மட்டும் அல்ல. வசதியான வீட்டுக் குழந்தைகளும் இதில் இருக்கிறார்கள்.

எந்தத் திட்டம் எந்த வயதில் வருகிறது?

பொது உணவுத் திட்டங்களை இந்த ஆயிரம் நாளோடு பொருத்திப் பார்த்தால் இடைவெளி பளிச்சென்று தெரியும்.

1. ரேஷன். 2013-ன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தலைக்கு மாதம் 5 கிலோ தானியம். 2023 ஜனவரி முதல் இலவசம். நாளுக்கு 167 கிராம் அரிசி என்றால் சுமார் 575 கலோரி, 12 கிராம் புரதம். பஞ்சத்தைத் தடுக்கவும், ஏழைக் குடும்பத்தின் கையில் காசு மிச்சம் பிடிக்கவும் இது அருமையான ஏற்பாடு. கொரோனா காலத்தில் அதன் மதிப்பு எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் கைக்குழந்தைக்குத் தேவையான பருப்பும் பாலும் முட்டையும் அதில் இல்லை. எல்லோருக்கும் அட்டை என்ற தமிழ்நாட்டு முறையில் 2007 முதல் துவரம்பருப்பும் பாமாயிலும் மலிவு விலையில் சேர்ந்தது பெரிய வேறுபாடு. ஒன்றிய அளவில் பயனாளிகளின் உச்சவரம்பு இன்னமும் 2011 மக்கள்தொகைக் கணக்கின்படியே நிற்பது தனிக்கதை.

2. பள்ளிச் சத்துணவு. 1956-ல் காமராசர் மதிய உணவு, 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 1989-ல் கருணாநிதி தொடங்கிய முட்டை, 2022 செப்டம்பரில் காலை உணவு என்று தமிழ்நாட்டில் நீண்ட வரிசை. 2001-ல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்ட பிறகு சமைத்த உணவு நாடு முழுக்கப் போனது. வருகை கூடியது, பசித்த வயிற்றோடு பாடம் கேட்பது குறைந்தது, சாதி பார்க்காமல் ஒரே பந்தியில் உட்கார வைத்தது. இவையெல்லாம் சின்ன விஷயமல்ல. ஆனால் ஐந்து வயதில் பள்ளிக்குள் நுழையும் குழந்தையின் உயரம் பெரும்பாலும் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. ஒரு திருப்பம் உண்டு: பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட சிறுமிகள் பின்னாளில் தாயானபோது அவர்களின் குழந்தைகளிடம் வளர்ச்சிக் குன்றல் குறைவாக இருந்ததாக 2021-ல் ஒரு ஆய்வு காட்டியது. பலன் வருகிறது, ஒரு தலைமுறை தாமதமாக.

3. அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம்தான் ஆயிரம் நாளைத் தொடும் ஒரே பெரிய உணவு ஏற்பாடு. ஆனால் மையத்துக்கு நடந்து வருவது மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகள். சூடான உணவும் அவர்களுக்குத்தான். மூன்று வயதுக்குக் கீழே வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது சத்து மாவு. வீட்டுக்குப் போன மாவை அண்ணன், அக்கா, சமயத்தில் தாத்தாவும் பங்குபோட்டுக்கொள்வது ஊரறிந்த விஷயம். ஒரு குழந்தைக்கு நாளுக்கு 8 ரூபாய் என்று 2017-ல் வைத்த செலவு வரம்பு பல ஆண்டுகள் அசையாமலே கிடந்தது. அந்தக் காசில் முட்டையும் பருப்பும் வாங்கிப் பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

4. மகப்பேறு உதவி. உணவுப் பாதுகாப்புச் சட்டம் கர்ப்பிணிக்கு 6,000 ரூபாய்க்குக் குறையாமல் தரச் சொன்னது. நடைமுறைக்கு வந்த ஒன்றியத் திட்டம் முதல் குழந்தைக்கு மட்டும் 5,000 என்றது. 2022-ல்தான் இரண்டாவது பெண் குழந்தையாக இருந்தால் 6,000 என்று சேர்த்தார்கள். இதில் ஒரு முரண் இருக்கிறது. இந்தியக் குழந்தைகளை ஆப்பிரிக்கக் குழந்தைகளோடு ஒப்பிட்ட சீமா ஜெயச்சந்திரன், ரோகிணி பாண்டே இருவரின் 2017 ஆய்வின்படி, உயரத்தில் பின்தங்கல் மூத்த பிள்ளையிடம் இல்லை. இரண்டாவதிலிருந்து தொடங்கி அடுத்தடுத்த பிள்ளைகளில் கூடுகிறது. மூத்த மகன் மீதான சார்பே அவர்கள் சொல்லும் முக்கியக் காரணம். யாருக்கு அதிகம் தேவையோ அவர்களை உதவித் திட்டம் விட்டுவிடுகிறது. தமிழ்நாட்டின் முத்துலட்சுமி ரெட்டி திட்டம் ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000 ரூபாய் தருகிறது.

ஏற்கெனவே செய்து பார்த்த வழி

சிறுவயதுக் குழந்தையைக் குறிவைப்பது முடியாத காரியமல்ல. 1980-ல் உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. ஆறு முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதம் ஒருமுறை எடை போட்டார்கள். எடை ஏறாமல் நின்ற குழந்தைக்கு மட்டும் 90 நாள் கூடுதல் உணவு. எடை தேறியதும் நிறுத்தம். அந்தந்த ஊர்ப் பெண் ஒருவர் அட்டையைக் காட்டித் தாயிடம் என்ன ஊட்டுகிறாய், எத்தனை தடவை என்று பேசுவார். கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு நன்றாகவே குறைந்தது என்று மதிப்பீடுகள் கூறின. 1990-களின் இறுதியில் திட்டம் அங்கன்வாடி அமைப்போடு கலந்துவிட்டது. மாதாந்திர எடை நின்றபாடில்லை, ஆனால் எடைக்குப் பின்னான அந்தப் பேச்சு பதிவேட்டு வேலையில் கரைந்துபோனது. என் பார்வையில் அந்தத் திட்டத்தின் உயிர் கூடுதல் உணவில் இல்லை, அந்தப் பேச்சில்தான் இருந்தது.

ஏழைக் குடும்பங்களுக்கு ரேஷனில் உணவு தருவதா, அதற்குப் பதில் பணம் தருவதா என்ற விவாதமும் இந்த இடத்தில் கொஞ்சம் திசைமாறியதாகவே படுகிறது. பத்து மாதக் குழந்தைக்கு ரேஷன் அரிசியாலும் பயன் குறைவு, தகப்பன் வங்கிக் கணக்கில் விழும் பணத்தாலும் பயன் குறைவு. அதற்கு வேண்டியவை வேறு:

1. கர்ப்பத்துக்கு முன்பே பெண்ணின் எடையும் இரத்த அளவும் தேறுவது. எல்லாக் குழந்தைகளுக்கும் மகப்பேறு உதவி.
2. வேலைக்குப் போகும் தாயின் கைக்குழந்தைக்குப் பகல்நேரக் காப்பகம். அங்கன்வாடிகளில் கிட்டத்தட்ட எங்கும் இல்லாதது இதுதான்.
3. மூன்று வயதுக்குட்பட்டவர்களின் வீடுகளுக்குப் போக மட்டும் மையத்துக்கு இரண்டாவது பணியாளர்.
4. முட்டையும் பருப்பும். பல மாநிலங்களில் முட்டை இன்னமும் சத்தைப் பற்றிய கேள்வியாக இல்லாமல் சமய அரசியலாகவே இருக்கிறது.
5. குடிநீரும் கழிவுநீர் வசதியும்.

இவற்றில் எதுவும் வருமான வளர்ச்சி இல்லாமல் நடக்காது, வரிப்பணம் வேண்டுமே. ஆனால் வளர்ச்சி வந்தாலே தானாக நடக்கும் என்பதற்கும் குஜராத்தின் எண்கள் இடம் தரவில்லை. இனி வரும் ஆய்வுச் சுற்றுகளின் அறிக்கையில் முதலில் தேட வேண்டிய வரி வளர்ச்சிக் குன்றல் சதவீதம்கூட அல்ல. 6 முதல் 23 மாதக் குழந்தைகளின் போதுமான உணவு என்ற வரி. உயரம் ஐந்து ஆண்டுக்கு முந்தைய கதையைச் சொல்லும். அந்த 11 சதவீதம் நகர்ந்திருக்கிறதா என்பது, அடுத்த ஐந்தாண்டில் உயரம் என்னவாகும் என்பதைச் சொல்லிவிடும்.